சிற்றுறுப்பு வளர்ப்பில் பழுதுகளை அறிகுறி கொண்டு கண்டறிதல்: வன்னி ஆய்வுகூடங்களுக்கான வழிமுறை

வெவ்வேறு கலங்களாக மாறக்கூடிய குருத்துக்கலங்களிலிருந்து தட்டில் வளர்க்கும், உறுப்பை ஒத்த சிறு இழையமே சிற்றுறுப்பு. அதன் வளர்ப்பில் பழுது கண்ணில் படும் நாளும் பழுது நேர்ந்த நாளும் பெரும்பாலும் ஒன்றல்ல. இருபதாம் நாளில் மூளைச் சிற்றுறுப்பு நீர்ப்பையாக வீங்கி நிற்பதற்குக் காரணம், முதலாம் நாளுக்கும் முன்னரே, தட்டின் அடியில் ஒட்டி வளர்ந்துகொண்டிருந்த குருத்துக்கலங்கள் தம் இயல்பை இழக்கத் தொடங்கியிருந்ததாக இருக்கலாம். நெல்லின் ஓலை மஞ்சளித்தால் வேரையும் வயலின் நீரையும் பார்ப்பது போல, இங்கும் அறிகுறி தெரியும் இடத்திலிருந்து பின்னோக்கித் தேடவேண்டும். அந்தத் தேடலுக்கான வழியை, வவுனியாவிலோ கிளிநொச்சி அறிவியல்நகரிலோ முப்பரிமாண வளர்ப்பைத் தொடங்க விரும்பும் மாணவர்களையும் ஆய்வுகூட உத்தியோகத்தர்களையும் மனத்திற்கொண்டு எழுதுகிறேன்.

ஓகனொயிட் என்று ஆய்வுகூடங்களில் வழங்கும் இச்சிற்றுறுப்புகளில் மூன்று வகைகளையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். 2009 இல் தோஷிரோ சாட்டோவும் ஹான்ஸ் கிளெவர்ஸும் எலிக் குடலின் ஒற்றைக் குருத்துக்கலத்திலிருந்து குடற்சுவரை ஒத்த இழையத்தை வளர்த்தனர். 2011 இல் அம்முறை மனிதக் குடலுக்கும் விரிந்தது. 2013 இல் மடலின் லங்காஸ்டரும் யூர்கன் நொப்ளிக்கும் மூளைச் சிற்றுறுப்பையும், 2015 இல் மினொரு தகசாட்டோவும் மெலிசா லிட்டிலும் நுண்குழாய்களும் வடிகட்டும் கலங்களும் சேர்ந்த சிறுநீரகச் சிற்றுறுப்பையும் வெளியிட்டனர். இம்மூன்றில் என் அக்கறை முதன்மையாகக் கடைசியானதன் மேலேயே இருக்கிறது. வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்னும் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்தின் விவசாயக் கிராமங்களையும் விட்டுவைக்கவில்லை. அந்நோய் முக்கியமாகத் தாக்குவது சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையத்தையும் என்பதால், மனித நுண்குழாயைத் தட்டில் வளர்த்துச் சோதிக்கும் திறமை இந்த மண்ணிலேயே உருவாகவேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

எல்லா வளர்ப்புகளும் ஒரே வேளையில் சோர்கின்றன

ஒரு கலவழி, அதாவது ஒரே மூலத்திலிருந்து பெருக்கிவரும் கலங்கள், மட்டும் சோர்ந்தால் அந்தக் கலவழியைச் சந்தேகிக்கலாம். வெவ்வேறு நாள்களில் தொடங்கிய, வெவ்வேறு கலவழிகளிலிருந்து வந்த தட்டுகள் எல்லாம் ஒரே வாரத்தில் சோர்ந்தால், அவை பொதுவில் பகிர்ந்துகொள்ளும் வெப்பம், வாயு, நீர், ஊடகம் என்னும் ஊட்டத் திரவம் ஆகியவற்றையே முதலில் சோதிக்கவேண்டும்.

வெப்பத்திலிருந்து தொடங்குங்கள். சாதாரண இன்கியுபேற்றர் சூடாக்கும், குளிர்விக்காது. அது 37 பாகை செல்சியசைச் சீராகப் பேணவேண்டுமானால், சுற்றியுள்ள அறை அதைவிட ஐந்து பாகையளவேனும் குறைந்திருக்கவேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் குளிரூட்டி இல்லாத அறை பகலில் 33, 34 பாகையைச் சாதாரணமாகத் தொடும். உள்ளே வைத்த சுழல் அசைப்பானின் மோட்டாரும் தன் பங்குக்கு வெப்பத்தை விட்டால், தட்டுகள் இருக்கும் அடுக்கு 38 பாகையைத் தாண்டிவிடும். முகப்புத் திரை காட்டுவது அதன் உணரி இருக்கும் இடத்தின் வெப்பத்தை மட்டுமே. எனவே தனி வெப்பமானி ஒன்றை நீர் நிறைந்த சிறு குடுவையில் அமிழ்த்தித் தட்டுகள் இருக்கும் அடுக்கிலேயே வைத்து, பிற்பகலிலும் அதிகாலையிலும் வாசித்துக் குறித்துவைக்கவேண்டும். இரண்டு வாசிப்புகளுக்கும் இடையே அரைப் பாகைக்கு மேல் வேறுபாடு இருந்தால், வளர்ப்பறையை இரவு பகலாக 25 பாகைக்கு அண்மையில் குளிரூட்டுவதைத் தவிர வேறு நல்ல தீர்வு இல்லை. இன்கியுபேற்றரின் அமைப்பைத் திருகிக் குறைப்பது பகலைச் சரிசெய்து இரவைக் கெடுக்கும்.

அடுத்தது வாயு. ஊடகத்திலுள்ள பீனோல் சிவப்பு என்னும் நிறங்காட்டி ஊதா கலந்த நிறத்துக்கு மாறினால் காபனீரொட்சைட்டு குறைந்திருக்கிறது. மஞ்சளானால் கலங்கள் நெருங்கிவிட்டன, அல்லது தொற்று உள்ளது, அல்லது வாயு கூடிவிட்டது. இவற்றைப் பிரித்தறிய, கலமே இல்லாத ஒரு தட்டில் அதே ஊடகத்தை ஊற்றி ஓர் இரவு உள்ளே வையுங்கள். அதுவும் நிறம் மாறினால் பிழை வாயுவில் இருக்கிறது; அது மாறாமல் கலங்கள் உள்ள தட்டு மட்டும் மஞ்சளித்தால் பிழை தட்டுக்குள் இருக்கிறது. உருளையின் அமுக்கமானியை மட்டும் நம்பவேண்டாம். குளிரூட்டிய அறையில் உள்ள உருளையில் திரவம் எஞ்சியிருக்கும் வரை முள் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். அது விழத் தொடங்கும்போது உருளை தீரும் தறுவாயில் இருக்கும். உருளை கொழும்பிலிருந்து வரவேண்டிய இடத்தில் அந்தத் தாமதம் ஒரு முழுத் தொகுதி வளர்ப்பையே அழித்துவிடும் என்பதால், வாரந்தோறும் உருளையை நிறுத்து எடையைப் பதியவேண்டும்.

நீர் பற்றி வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கேத்தலின் அடியில் படியும் வெண்படிவை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கிணற்று நீரும் குழாய்க்கிணற்று நீரும் கடினமானவை. பல இடங்களில் புளோரைட்டும் கூடியவை. வடித்தல் கருவியில் படிவு ஏறியபின் அது தரும் நீரை நம்பி ஊடகம் கரைக்கக்கூடாது. ஊடகத்தைத் தூளாக வாங்கிக் கரைப்பதைவிடத் திரவமாகவே வாங்குவது, செலவு கூடினாலும், இங்கே அறிவான தெரிவு. கரைத்தே ஆகவேண்டுமானால் 18.2 மெகாஓம் சென்ரிமீற்றர் தடைத்திறன் காட்டும் மீத்தூய நீர் வேண்டும். பற்றீரியாவின் சுவரிலிருந்து வரும் அகநச்சு அமுக்கக் கொதிகலனில் அவித்தாலும் போகாது. ஆகவே கிருமியழித்த நீரும் கல வளர்ப்புக்கு உகந்த நீரும் வேறு வேறானவை என்பதை மாணவர்கள் தொடக்கத்திலேயே அறியவேண்டும்.

மின்வெட்டுக்குப் பின் சிற்றுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன

மின்சாரம் நின்ற நேரத்தில் இன்கியுபேற்றரின் கதவு மூடியே இருந்தால் வெப்பம் மெதுவாகத்தான் இறங்கும். உள்ளே எப்படி இருக்கிறது என்று திறந்து பார்ப்பதே பெருங்கேடு. ஆனால் அசைப்பான் அந்த நொடியிலேயே நின்றுவிடும். பல வகை அசைப்பான்கள் மின்சாரம் திரும்பினாலும் தாமாக மீண்டும் ஓடுவதில்லை. இரவு பத்து நிமிடம் மின்சாரம் போய் வந்திருந்தாலும், அசைப்பான் காலை வரை நின்றிருக்கும். சிற்றுறுப்புகள் தட்டின் நடுவில் குவிந்து, தொட்டுக்கொண்டவை இணைந்துவிடும். இணைந்தவற்றைக் கத்தியால் பிரித்தெடுத்து ஆய்வில் சேர்க்கக்கூடாது. அவற்றின் உள்ளமைப்பு ஏற்கெனவே கலந்துவிட்டது. மின்கலக் காப்பு ஒன்று அசைப்பானுக்கும் இன்கியுபேற்றரின் கட்டுப்பாட்டுக்கும் சேர்த்து இருக்கவேண்டும். மின்பிறப்பாக்கி கைப்பிடிக்கும் இடைவெளியை அது நிரப்பும். 60 மில்லிமீற்றர் தட்டில் மூளைச் சிற்றுறுப்புகளுக்கு நிமிடத்துக்கு 85 சுழற்சி என்பது லங்காஸ்டரின் செய்முறையில் உள்ள வேகம். தட்டின் அளவு மாறினால் வேகமும் மாறவேண்டும்.

உறைநிலையிலிருந்து எழுப்பிய கலங்கள் தட்டில் ஒட்டவில்லை

உலர்பனியில் வந்த குப்பி வழியில் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று முதலில் கேளுங்கள். உலர்பனி −78 பாகையில்தான் இருக்கும். குருத்துக்கலங்கள் நீண்டகாலம் உயிரோடிருக்க −135 பாகைக்குக் கீழே, அதாவது திரவ நைதரசனில் அல்லது அதன் ஆவியில் இருக்கவேண்டும். −80 பாகை உறைபெட்டியில் மாதக்கணக்கில் வைத்தவை மெல்ல மெல்ல இறக்கும். மாடுகளுக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு வரும் கால்நடை உத்தியோகத்தர்களின் நைதரசன் குடுவையை வன்னியில் எல்லோரும் அறிவர். அதே வகைக் குடுவையும் அதே ஒழுங்கான நிரப்பலும் இங்கும் போதும். ஆகவே திரவ நைதரசன் கிடைக்காது என்று முன்கூட்டியே கைவிடவேண்டியதில்லை.

எழுப்பும்போது குப்பியை 37 பாகை நீரில் சிறு பனித்துண்டு எஞ்சும் வரை மட்டும் வைத்து, உறைகாப்புத் திரவத்தை மெதுவாக நீர்த்து நீக்கி, முதல் நாள் ஊடகத்தில் வை-27632 என்னும் தடுப்பியை 10 மைக்குரோமோலார் சேர்க்கவேண்டும். பிரிக்கப்பட்ட மனிதக் குருத்துக்கலங்கள் கூட்டமாக இறப்பதை இது தடுக்கிறது என்று யொஷிகி சசாயின் குழு 2007 இல் காட்டியது. அதைச் சேர்த்தும் ஒட்டவில்லையென்றால் தட்டுக்குப் பூசிய புரதப் படையைப் பாருங்கள்.

கலங்கள் பந்தாகத் திரளவில்லை, அல்லது பந்து உதிர்கிறது

மூளைச் சிற்றுறுப்புக்கு ஒட்டாப் பரப்புள்ள 96 குழித்தட்டின் ஒவ்வொரு குழியிலும் சுமார் 9,000 கலங்களை இட்டால், ஒரு நாளுக்குள் விளிம்பு தெளிந்த ஒரே பந்து தெரியவேண்டும். பல சிறு பந்துகள் தெரிந்தால் குழியின் பரப்பில் கீறல் அல்லது ஒட்டாப் பூச்சில் குறை இருக்கிறது. குழாயியின் நுனி அடியைத் தொட்டிருக்கலாம். பந்தைச் சுற்றி இறந்த கலங்கள் மணல் போல் ஓரளவு கிடப்பது இயல்பே. பந்தே மங்கி உதிர்ந்தால்தான் கவலைப்படவேண்டும்.

இங்கே "அறை வெப்பநிலை" என்ற சொற்றொடர் பெருந்தீங்கு செய்கிறது. செய்முறைக் குறிப்புகள் அதனால் 20 முதல் 25 பாகையைக் கருதுகின்றன. கலங்களைப் பிரிக்கும் நொதியை அறை வெப்பநிலையில் ஐந்து நிமிடம் வைக்கச் சொன்னால், 33 பாகை அறையில் அந்த ஐந்து நிமிடம் மிகை. கலங்களின் மேற்பரப்புப் புரதங்கள் அறுபட்டு, அவை ஒன்றையொன்று பற்றும் திறனை இழக்கும். மணிக்கூட்டைப் பார்க்காமல் நுணுக்குக்காட்டியைப் பாருங்கள்: கூட்டங்களின் விளிம்பு உருண்டு, தட்டை மெல்லத் தட்டியதும் நகரத் தொடங்கினால் நொதியை நிறுத்தவேண்டும். பிரித்தபின் உயிர்க்கலங்கள் 90 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அன்றைய தொகுதியைத் தொடங்காமல் விடுவதே நல்லது. அந்த நாளில் மிச்சப்படுத்திய கலங்களுக்காக அடுத்த இரண்டு மாத ஊடகத்தைச் செலவழிக்க நேரும்.

நொதிப் பிழையைவிட ஆழமான காரணம், தொடக்கக் கலங்கள் ஏற்கெனவே வேறு கலமாக மாறத் தொடங்கியிருப்பது. தட்டையான வளர்ப்பில் கூட்டங்கள் வட்டமாக, விளிம்பு கூர்மையாக, கலங்கள் நெருக்கமாக, கரு பெரிதாக இருக்கவேண்டும். விளிம்பில் கால் நீட்டிய கலங்கள் தெரிந்தால் அவற்றைச் சுரண்டி நீக்குங்கள். அவை பரவலாக இருந்தால் அந்தக் குப்பியையே கைவிடுங்கள். எவ்வகைக் கலமாகவும் மாறக்கூடிய பன்முகத் தன்மையைப் பேணும் எஃப்.ஜி.எஃப். 2 என்னும் வளர்ச்சிக் காரணி 37 பாகையில் ஒரு நாளுக்குள் பெரும்பகுதி செயலிழக்கும் என்பதால், ஊடகம் மாற்றத் தவறிய ஒரு ஞாயிற்றுக்கிழமையின் விளைவு அடுத்த வாரத்தில் தெரியும்.

மேட்ரிஜெல் கட்டியாகிறது, அல்லது துளி சரிந்து பரவுகிறது

எலியின் ஒருவகைக் கட்டியிலிருந்து எடுக்கப்படும், லாமினினும் நான்காம் வகைக் கொலாஜனும் நிறைந்த இப்புரதக் கூழ் 10 பாகைக்கு மேல் இறுகத் தொடங்கும். நம் அறையில் அது குழாயியின் நுனிக்குள்ளேயே இறுகிவிடும். குப்பியைப் பனியில் புதைத்து, அந்தப் பனிப்பெட்டியோடு குளிர்சாதனப்பெட்டியில் ஓர் இரவு வைத்து உருக்கவேண்டும்; நடு இரவில் மின்சாரம் போனாலும் பனி அதைக் காக்கும். நுனிகளும் சிறு குழாய்களும் தட்டும் குளிர்ந்திருக்கவேண்டும். ஒருமுறை உருகியதைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்துவிட்டு, மீண்டும் மீண்டும் உருக்காதீர்கள்.

துளி சரிவதற்குக் காரணம் பெரும்பாலும் நீர்ப்பு. குடல் மடிப்புகளைக் கழுவிய திரவம் அடியில் எஞ்சியிருக்க அதன் மேல் கூழைச் சேர்த்தால் புரதச் செறிவு குறைந்து துளி நிற்காது. கூழின் தொகுதிக்குத் தொகுதி புரத அளவு வேறுபடும் என்பதால், குப்பியிலுள்ள தொகுதி எண்ணையும் அதன் சான்றிதழில் உள்ள செறிவையும் பதிவேட்டில் எழுதாத ஆய்வுகூடம், பிற்பாடு எழும் எந்த வேறுபாட்டுக்கும் விளக்கம் தர முடியாது.

நடுப்பகுதி கறுத்துப் போகிறது

மிக அதிகமாகக் கேட்கப்படும் பழுது இது. சிற்றுறுப்பின் இயல்பிலேயே வேரூன்றியதும் இதுதான். சிற்றுறுப்புக்கு இரத்தக்குழாய் இல்லை. ஒட்சிசன் இழையத்துக்குள் ஊடுருவக்கூடிய தூரம் ஏறத்தாழ 200 மைக்குரோமீற்றர். உயிர்ப்பு மிக்க கலங்கள் நெருங்கியிருந்தால் அதைவிடவும் குறைவு. ஆகவே நாலு மில்லிமீற்றர் வரை வளரக்கூடிய மூளைச் சிற்றுறுப்பின் நடுவில் கலங்கள் இறப்பதை முற்றாகத் தடுக்க முடியாது. எவ்வளவு விரைவில் கறுக்கிறது, கருமை எந்த இடத்தில் இருக்கிறது என்பதே கேள்வி.

முதல் வாரத்திலேயே நடு கறுத்தால் தொடக்கக் கல எண்ணிக்கை மிகை, அல்லது அவற்றில் இறந்தவை அதிகம். ஒரு மாதத்துக்குப் பின் நடுவில் மட்டும் கறுத்து, சுற்றியுள்ள பட்டை ஒளி ஊடுருவுவதாகவும் நேர்த்தியாகவும் இருந்தால், அது எதிர்பார்க்கத்தக்கதே. கருமை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் சிற்றுறுப்பு அசையாமல் ஒரே பக்கமாகக் கிடந்திருக்கிறது என்று பொருள்; அசைப்பானைப் பாருங்கள். வெளிப்பட்டையும் மங்கினால் ஊடகம், வெப்பம், தொற்று ஆகிய பொதுக் காரணங்களுக்குத் திரும்புங்கள்.

நடு இறப்பு அழகுக் குறை மட்டுமல்ல. இத்தகைய வளர்ப்பில் கலங்கள் சர்க்கரையை எரிக்கும் வழியை மாற்றி, அழுத்தத்தில் இயங்கி, தமக்குரிய கல வகையாகத் தெளிவாக மாறத் தவறுகின்றன என்று ஆர்னல்ட் கிரீக்ஸ்டைனின் குழு 2020 இல் புறணிச் சிற்றுறுப்புகளில் காட்டியது. நோயாளியின் கலங்களையும் நலமானவரின் கலங்களையும் ஒப்பிடும் ஆய்வில், பெரிய சிற்றுறுப்புகளை ஒரு பக்கமும் சிறியவற்றை மறுபக்கமும் வைத்தால், நோயின் விளைவென்று நாம் எழுதுவது வெறும் மூச்சுத்திணறலின் விளைவாக இருக்கும். எனவே ஒப்பிடும் சிற்றுறுப்புகளின் விட்டத்தை அளந்து, ஒத்த அளவுள்ளவற்றையே எடுக்கவேண்டும். நீண்டகாலம் வளர்க்க விரும்பினால், 300 மைக்குரோமீற்றர் தடிப்புள்ள சீவல்களாக அறுத்து, வளியும் ஊடகமும் சந்திக்கும் பரப்பில் நுண்துளைச் சவ்வின் மேல் வைக்கலாம். லங்காஸ்டரின் குழு 2019 இல் வெளியிட்ட இம்முறைக்கு அதிர்வுக் கத்தி வேண்டும். அது இல்லாத இடத்தில், சிறிதாக வைத்து, குறைந்த காலத்தில் விடை தரும் கேள்வியைத் தெரிவதே நேர்மையான வழி.

மொட்டுகளுக்குப் பதிலாக நீர்ப்பைகள்

மூளைச் செய்முறையில் ஐந்தாம் ஆறாம் நாளில் பந்து 500 முதல் 600 மைக்குரோமீற்றர் விட்டத்தை அடைந்து, அதன் விளிம்பு ஒளிர்ந்து வழவழப்பாகவேண்டும். அப்போதுதான் நரம்புத் தூண்டல் ஊடகத்துக்கு மாற்றலாம். பதினோராம் நாளளவில், கூழில் பொதியும் வேளையில், ஆரமாக அடுக்கிய கலங்களின் தெளிந்த வெளிப்பட்டை தெரியவேண்டும். அது தெரியாத பந்தைப் பொதிந்தால் நீர்ப்பையோ, கூழுக்குள் ஓடிப் பரவும் கலங்களோ மட்டுமே கிடைக்கும். பொதிந்தபின் மருந்து எதுவும் அதைத் திருப்பாது. நாள்காட்டிக்காகப் பொதியாமல் பந்துக்காகக் காத்திருங்கள், தெளியாதவற்றை விலக்குங்கள்.

குடற் சிற்றுறுப்பில் நிலை வேறு. மனிதக் குடலின் கலங்கள் பெருகும் ஊடகத்தில், பெருகத் தூண்டும் வின்ட் என்னும் புரதச் சமிக்ஞை நிறைந்திருப்பதால் அவை உருண்டைப் பைகளாகவே வளரும், அது பழுதன்று. மொட்டும் முதிர்ந்த கலங்களும் வேண்டுமானால் வின்ட், நிக்கொட்டினமைட்டு, பி38 தடுப்பி ஆகியவற்றை நீக்கிய ஊடகத்துக்குச் சில நாள் மாற்றவேண்டும். மாறாக, பெருகும் ஊடகத்திலேயே அவை சுருங்கிக் கறுத்தால் ஆர்-ஸ்பொண்டின் அல்லது வின்ட் செயலிழந்திருக்கிறது. இவ்விரு புரதங்களும் வெப்பத்தில் வந்த பொதியில் முதலில் கெடுபவை.

சிறுநீரகச் சிற்றுறுப்பில் நுண்குழாய் தோன்றவில்லை, அல்லது வேண்டாத இழையம் தோன்றுகிறது

தகசாட்டோவின் செய்முறையில் சி.எச்.ஐ.ஆர். 99021 என்னும் மருந்து 8 மைக்குரோமோலார் அளவில் நாலு நாளும், பிறகு எஃப்.ஜி.எஃப். 9 மில்லிலீற்றருக்கு 200 நனோகிராம் அளவில் கெப்பரினோடு மூன்று நாளும் கொடுக்கப்படுகின்றன. ஏழாம் நாளில் ஐந்து இலட்சம் கலங்களை மையநீக்கியில் உருண்டையாக்கி, நுண்துளைச் சவ்வின் மேல் வைத்து, அதே சி.எச்.ஐ.ஆர். மருந்தை 5 மைக்குரோமோலார் அளவில் ஒரு மணி நேரம் கொடுப்பார்கள். சவ்வின் மேல் ஒரு வாரம் சென்றும் நுணுக்குக்காட்டியில் வளைந்த சிறு குமிழ்களும் குழாய்களும் தெரியாவிட்டால், முதல் நாலு நாளையே திருத்தவேண்டும். இந்த மருந்துக்கு ஒவ்வொரு கலவழியும் வேறுவிதமாகப் பதிலளிக்கும். 8 மைக்குரோமோலாரை வேதவாக்காகக் கொள்ளாமல், 6 முதல் 12 வரை படிகளாகச் சோதித்து, உங்கள் கலவழிக்குரிய அளவைக் கண்டபின்னரே ஆய்வைத் தொடங்குங்கள். மருந்து கிடைக்கும் நாள்கள் குறைந்தால் சேகரிப்புக் குழாயின் பக்கமும், கூடினால் நுண்குழாய்களைத் தரும் இழையத்தின் பக்கமும் கலங்கள் சாயும். இந்த ஒரு நுணுக்கம் பல தோல்விகளை விளக்கும்.

சவ்வின் மேல் வைத்த உருண்டை தட்டையாகிப் பரவினால் ஊடகம் மட்டத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. சவ்வின் அடியைத் தொடும் அளவுக்கே ஊடகம் வேண்டும், உருண்டை மூழ்கக்கூடாது.

குழாய்கள் தோன்றியும், அவற்றுக்கிடையே நரம்பை ஒத்த நீண்ட கலங்களோ தசையை ஒத்த திட்டுகளோ தெரிவது பரவலான குறை. பெஞ்சமின் ஹம்ப்ரீஸின் குழு 2018 இல் தனிக்கல ஆர்.என்.ஏ. ஆய்வில் சிறுநீரகமல்லாத கலங்கள் 10 முதல் 20 சதவீதம் வரை இருப்பதைக் கண்டு, என்.ரி.ஆர்.கே. 2 ஏற்பியைத் தடுத்தபோது நரம்புக் கலங்கள் 90 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. அத்தடுப்பி வாங்க முடியாதவர்கள் வளர்ப்பின் காலத்தை நீட்டாமலிருப்பதே முதற் காப்பு; நாள் செல்லச் செல்ல வேண்டாத கலங்கள் மேலோங்கும்.

நம் ஆர்வத்துக்கு ஒரு வரம்பையும் இங்கே சொல்லவேண்டும். இச்சிற்றுறுப்பு முதிர்ச்சியில் கருவின் முதல் மூன்று மாதச் சிறுநீரகத்தையே ஒக்கும். அதன் அண்மைக் குழாய்களில் நச்சுகளை உள்ளெடுக்கும் கடத்திப் புரதங்கள் சில மிகக் குறைவு. சிஸ்பிளாட்டின் போன்ற நச்சுக்கு அது காயக் குறியான கிம்-1 புரதத்தை வெளியிட்டுப் பதிலளிக்கும். ஆனால் நம் கிணற்று நீரில் உள்ள ஏதோ ஒன்றை அதன் மேல் ஊற்றி, காயம் ஏற்படவில்லை என்று கண்டதும் அந்த நீர் தீங்கற்றது என்று முடிவுகட்டுவது தவறு. கலத்துக்குள் நுழைய வழியில்லாத நச்சு காயம் செய்யாது. நேர்க் கட்டுப்பாடாக, காயம் செய்வது உறுதியான ஒரு நச்சும், குழாயின் அடையாளமாக எல்.ரி.எல். சாயமும், வடிகட்டும் கலத்துக்கு நெஃப்ரினும் இல்லாமல் பெற்ற எந்த முடிவையும் கிராம மக்களிடம் கொண்டுசெல்லக்கூடாது. நோயாளரின் கலங்களைப் பயன்படுத்துவதற்கு அவரது எழுத்துமூல ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் முன்னரே வேண்டும்.

ஊடகம் தெளிவாக இருக்கிறது, வளர்ச்சி மட்டும் மந்தம்

பற்றீரியா ஊடகத்தைக் கலக்கும். பங்கசு நூலாகத் தெரியும். மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்கிருமியோ எதையும் காட்டாது. அதற்குக் கலச்சுவர் இல்லாததால் பெனிசிலின் பலிக்காது, 0.2 மைக்குரோமீற்றர் வடிகட்டியையும் அது கடந்துவிடும். காரணம் தெரியாத மந்தம் இரு வாரம் தொடர்ந்தால் பி.சி.ஆர். சோதனையையோ, கருச்சாயம் இட்டுக் கலத்தைச் சுற்றிய புள்ளிகளைத் தேடுவதையோ உடனே செய்யுங்கள். உறுதியானால் தட்டுகளை அழித்து, இன்கியுபேற்றரைத் துடைத்து, புதிய குப்பியில் தொடங்குங்கள். மாரியில், சுவர்களில் பூஞ்சணம் ஏறும் மாதங்களில், 70 சதவீத மதுசாரம் வித்திகளைக் கொல்லாது என்பதை நினைவிற்கொண்டு, ஐதரசன் பேரொட்சைட்டுக் கரைசலால் துடைக்கவேண்டும். இன்கியுபேற்றரின் நீர்த்தட்டை வாரந்தோறும் வெறுமையாக்கிக் கிருமியழித்த நீரால் நிரப்பவேண்டும்.

ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் பெரிய வேறுபாடு

ஓரக் குழிகளில் மட்டும் வேறுபாடு தெரிந்தால் அது ஆவியாதல். ஓரக் குழிகளைக் கிருமியழித்த நீரால் நிரப்பி, உள்குழிகளை மட்டும் பயன்படுத்துங்கள். ஒரே தொகுதிக்குள் வேறுபாடு சிறிதாகவும், தொகுதிகளுக்கிடையே பெரிதாகவும் இருப்பது சிறுநீரகச் சிற்றுறுப்புகளில் அறியப்பட்ட இயல்பு. 2019 இல் லிட்டிலின் குழு அதை அளந்து, பெரும்பகுதி முதிர்ச்சியின் வேகத்திலுள்ள வேறுபாடு என்று காட்டியது. எனவே நோயாளியின் கலவழியும் ஒப்பீட்டுக் கலவழியும் ஒரே நாளில், ஒரே ஊடகத்தில், ஒரே கையால் தொடங்கப்படவேண்டும்.

ஒரு கலவழி திடீரென முன்னையதைவிட விரைவாகப் பெருகி, வை-27632 இல்லாமலும் இறக்காமல் நின்றால் மகிழவேண்டாம். நீண்டகால வளர்ப்பில் 20ஆம் நிறமூர்த்தத்தின் நீண்ட கையில் ஒரு பகுதி பெருகுவது மனிதக் குருத்துக்கலங்களில் அடிக்கடி நேர்வது. அது கலங்களை இறப்பிலிருந்து காத்து மற்றவற்றை வெல்லவைக்கும். மிகச் சிறிய பெருக்கத்தைச் சாதாரண நிறமூர்த்தப் பட்டைச் சோதனை தவறவிடும். அதற்கெனவுள்ள அளவுசார் பி.சி.ஆர். சோதனை வேண்டும். சோதனையில் அப்பெருக்கம் உறுதியானால் அந்தக் கலவழியிலிருந்து அதுவரை பெற்ற சிற்றுறுப்புகளின் முடிவுகளையும் ஒதுக்கிவைத்து, தொடக்கத்தில் உறையவைத்த முதற் குப்பிகளில் ஒன்றை எடுத்து, அதையும் சோதித்தபின் மீண்டும் தொடங்குங்கள். அதற்காகவே முதற் குப்பிகளில் ஐந்தாறையேனும் எவரும் தொடாதபடி தனியே வைத்திருக்கவேண்டும்.